ஈசியூவைக் குழப்பும் உப்புக்காற்று

கேள்வி: பழைய கொரோலாவின் கார்புரேட்டரைக் கழற்றி, இன்ஜெக்டரும் மெகாஸ்குவர்ட் ஈசியூவும் பூட்டினேன். ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் வெப்ப அளவு துள்ளுகிறது. ஈசியூ பழுதா? – வாசகர், கல்லடி

பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள். சென்சர் எர்த்தை பாடியில் பூட்டியிருப்பீர்கள். வாவிக்கரை உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடித்து, வயர் முனை பச்சை பூத்து, 0.05 ஓம் தடை சேர்ந்தாலே போதும். ஃபேனின் 10 ஆம்பியர் அந்த வழியே போகையில் 0.5 வோல்ட் ஏறும். 5 வோல்ட்டுக்குள் கணக்குப் பார்க்கும் ஈசியூ அதை நம்பிவிடும்.

சென்சர் எர்த்கள் எல்லாம் ஈசியூவுக்கே திரும்பட்டும். ஈசியூவின் எர்த் வயர்களை எஞ்சின் புளொக்கில் ஒரே இடத்தில் பூட்டுங்கள். வெள்ளீயம் பூசிய செப்பு வயர் இந்தக் காற்றுக்குத் தாங்கும். பிறகு ஃபேன் ஓடும்போது, ஈசியூ எர்த்துக்கும் பற்றறி மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால், இணைப்பைச் சுரண்டித் திரும்பப் பூட்டுங்கள்.