காரின் வாசற்படி

திருப்பதியிலே பயிலும் நமக்குப் படியின் பெருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வேங்கட மலையில் ஒரு படியாகக் கிடக்க விழைந்தார் குலசேகர ஆழ்வார். அதனாலன்றோ வைணவக் கோயில்களில் கருவறைக்கு முன்னுள்ள படி குலசேகரன் படி எனப் பெயர் பெற்றது! வீட்டு நிலைப்படிக்கும் வெள்ளிதோறும் மஞ்சள் பூசுகிறோம். ஆனால், கார்க் கதவைத் திறந்ததும் நம் செருப்பு உரசும் படியைப் பற்றி யார் எண்ணுகிறோம்? அப்படியையும், அதன்மேல் பதிக்கும் காப்புத் தகட்டையும் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

இப்படி வெறும் படியன்று. உள்ளே கூடான எஃகு உத்தரம். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே கார் தொய்ந்து போகாமல் தாங்குவதும், பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் உள்ளிருப்போரைக் காப்பதும் இதன் கடமைகள். மூடிய காரில் கூரையும் இச்சுமையைப் பங்கிட்டுக் கொள்ளும். கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரிலோ பெரும்பங்கு படியின் தலையிலேயே விழுகிறது. ஆகவே அது அகன்றும் உயர்ந்தும் இருக்கும். 1954-ல் வெளிவந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில், பக்கச் சட்டத்தின் குழாய்கள் மிக உயரமாக அமைந்தமையால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. கதவுகளைக் கூரையில் கீல் வைத்து, பறவையின் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கச் செய்தனர்!

உயர்ந்த படியைத் தாண்டும்போது குதிகால் உரசும், பெயின்ட் தேயும், துரு பிடிக்கும். இதைத் தடுக்கவே தகடு.

சித்தூரில் என் நண்பர் ஒருவர் பழைய இரு கதவுக் காருக்கு அலுமினியத் தகடு வைத்தார். பட்டறையில் இரு முனைகளிலும் துளையிட்டுத் திருகாணி முடுக்கினார்கள். சித்திரை வெயிலில் தகடு நடுவே வில்லாய் வளைந்தது. காரணம் என்ன? கணக்கிடுவோம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு, வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேட் உயர்ந்தால் ஏறத்தாழ 0.48 மில்லிமீட்டர் நீளும். அலுமினியமோ 0.92 மில்லிமீட்டர் நீளும். வித்தியாசம் 0.44 தான், அற்பமெனத் தோன்றும். ஆனால் இரு முனைகளும் கட்டுண்ட தகடு, அம்மிகை நீளத்தை மேல்நோக்கி வளைந்தே தீர்க்க வேண்டும். அவ்வளைவின் உயரம் சுமார் 13 மில்லிமீட்டர்! கால் இடற இது போதாதா? துருப்பிடிக்காத எஃகின் விரிவு 0.68 மில்லிமீட்டர், அதுவே மேல்.

தகட்டைக் கழற்றியபோது வேறொன்றும் தெரிந்தது. திருகாணித் துளைகளின் வழியே மழைநீர் இறங்கி, உத்தரம் உள்ளிருந்தே அரித்திருந்தது. மேலே பளபளப்பு, கீழே பொக்கை! அழுகிய பகுதியை வெட்டி, புது எஃகு வைத்து வெல்டிங் செய்தபின்பே நண்பர் காரை வெளியே எடுத்தார்.

எனவே, மாற்றும் முறையைக் கவனத்தில் கொள்க:

1. பழைய தகடு ஒட்டியதாயின், தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடேற்றி, நைலான் நூலை அடியில் செலுத்தி அறுத்தெடுக்கவும். உளியால் நெம்பலாகாது. கிளிப் உள்ளதாயின், பிளாஸ்டிக் நெம்புகோலால் மெல்ல விடுவிக்கவும்.

2. படியைத் தட்டிப் பார்க்கவும். துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்டும் பூசி, நன்கு உலர விடவும்.

3. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை நீங்கத் துடைக்கவும்.

4. ஒட்டுமுன் தகட்டை வைத்துப் பார்த்து, இடத்தை அடையாளமிடவும். கதவை மெல்லச் சாத்தி, ரப்பர் பீடிங்கில் தகடு இடிக்கவில்லை என்று தெளியவும்.

5. இருபுறமும் பசையுள்ள அக்ரிலிக் நுரை நாடாவால் ஒட்டி, முழு நீளமும் அழுத்தவும். நிழலில், காலை வேளையில் செய்வது நன்று. பசை முழு வலிமை பெற மூன்று நாள் ஆகும். அதுவரை தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

நுரை நாடா சற்றே நெகிழக் கூடியது. தகடு ஒவ்வொரு முனையிலும் நகரும் கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தூரத்தை அது தாங்கிக் கொள்ளும். துளையும் வேண்டாம்; திருகாணியும் வேண்டாம். மேலும், இக்காலக் கார்களில் படி ஓரத்து மூடியின் கீழ் ஏர்பேக், இருக்கைப் பட்டை ஆகியவற்றின் மின்கம்பிகள் செல்வதுண்டு. அங்கே துளையிடுவது ஆபத்து.

நண்பர்களே, வகுப்பில் விரிவெண் என்று மனப்பாடம் செய்த பாடம்தான் இது. தகடு வாங்க நூறு கடைகள் உண்டு. அதை ஒட்டுமுன் அடியில் இருப்பதைக் குனிந்து பார்க்க வேண்டியவர் நாமே.