காசில் இருக்கும் பெண்ணின் தொப்பி

கேள்வி: என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பரண் மேலிருந்த அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய ஃபிராங்க் காசு கிடைத்தது. ஒரு பக்கம் தொப்பி போட்ட பெண்ணின் முகம், மறுபக்கம் சேவல். அந்தப் பெண் யார், பிரான்சின் அரசியா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சிவப்புப் பொம்மைகளும் இதே தொப்பி ஜாடையில்தானே இருந்தன? புதுச்சேரி போலீஸாரின் சிவப்புத் தொப்பியும் இதிலிருந்து வந்ததா?
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: அரசி இல்லை அம்மா. அரசனை இறக்கிவிட்டு அந்த இடத்தில் வைத்த முகம் அது. 1792 செப்டம்பர் 21 அன்று பிரான்சில் மன்னராட்சி ஒழிந்தது. அதுவரை அரசு முத்திரையில் ராஜாவின் உருவம் இருந்தது. இனி எதைப் பொறிப்பது? சில நாட்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள்: நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண், அவள் கையில் ஈட்டி, ஈட்டியின் நுனியில் ஒரு தொப்பி. அவள் ‘விடுதலை’. அவளுக்கு மக்கள் வைத்த பெயர் மரியான். எளிய குடும்பங்களில் அந்தக் காலத்தில் சர்வசாதாரணமாக வைத்த பெயர் அது. நம் ஊரில் லட்சுமி, மாரியம்மா என்பது போல.

இப்போது காசை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து அந்தத் தொப்பியைப் பாருங்கள். உச்சி முன்பக்கமாகச் சரிந்து மடிந்திருக்கும். அதற்கு ஃபிரீஜியத் தொப்பி என்று பெயர். ஃபிரீஜியா என்பது இன்றைய துருக்கிக்குள் இருந்த பழைய நாடு. கிழக்கத்தி ஆள் என்று காட்ட வேண்டுமானால் கிரேக்க, ரோமானியக் கலைஞர்கள் இந்த மடிந்த தொப்பியை மாட்டிவிடுவார்கள். ரோமில் அடிமை ஒருவனை விடுவிக்கும்போது அவனுக்குத் தலையை மழித்து அணிவித்த கம்பளித் தொப்பி வேறு. அதற்கு மடிப்பு இல்லை, பாதி முட்டையோடு போல இருக்கும். சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட காசில் இரண்டு குத்துவாள்களுக்கு நடுவே இருப்பது அந்தத் தொப்பிதான். நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியக் கலைஞர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஃபிரீஜியத் தொப்பியின் வடிவம், ரோமானிய அடிமைத் தொப்பியின் பொருள்: இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் காசில் இருப்பது. ஒலிம்பிக் பொம்மைக்கு ஃப்ரீஜ் என்று பெயர் வைத்ததும் இதனால்தான்.

1792 ஜூன் 20 அன்று பாரிஸ் மக்கள் துய்லரி அரண்மனைக்குள் புகுந்தார்கள். பதினாறாம் லூயி ஒரு சன்னலோரம் கூட்டத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார். அவரிடம் ஒரு சிவப்புத் தொப்பியை நீட்டினார்கள். மன்னர் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, தேசத்தின் பெயரைச் சொல்லி மது அருந்தினார். விடுதலை பெற்ற அடிமையின் அடையாளம் அரசன் தலையில் ஏறியது. ஏழு மாதம் கழித்து, 1793 ஜனவரி 21 அன்று அந்தத் தலையே போய்விட்டது.

நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. அதே 1793-இல் பாரிஸில் புரட்சிப் பெண்களின் சங்கம் ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர்கள் சிவப்புத் தொப்பி அணிந்து தெருவில் வந்தார்கள். மற்ற பெண்களும் அணிய வேண்டும் என்று வற்புறுத்தியதில் சந்தைக்காரப் பெண்களோடு அடிதடி ஆனது. அதைச் சாக்காக வைத்து அக்டோபர் 30 அன்று தேசிய மன்றம் பெண்கள் சங்கங்கள் அத்தனையையும் தடை செய்தது. முத்திரையில் இருக்கும் பெண்ணுக்குத் தொப்பி பொருந்தும், ரத்தமும் சதையுமான பெண்ணுக்குப் பொருந்தாது என்று ஆனது. பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் த கூஜ் நான்கு நாளில் கில்லட்டினுக்குப் போனார். பிரெஞ்சுப் பெண்கள் ஓட்டுரிமை பெற்றது 1944-இல். ஒன்றரை நூற்றாண்டு காலம் மரியான் நாட்டின் முகமாக இருந்தாள், அவளைப் போன்றவர்களுக்கு ஓட்டு இல்லை. இதைச் சொல்லாமல் அந்தச் சின்னத்தின் பொருளைச் சொல்லி முடித்துவிட முடியாது.

அடிமைகள் கதையும் அப்படித்தான். 1794 பிப்ரவரி 4 அன்று புரட்சி அரசு காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஹெய்தித் தீவின் கறுப்பின மக்கள் போரிட்டு அவர் படையை விரட்டி, 1804-இல் தனிநாடு அமைத்தார்கள். பிரெஞ்சு மூவண்ணக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்து, நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துத் தைத்ததே தங்கள் கொடி என்பார்கள் அவர்கள். ஹெய்தியின் அரசுச் சின்னத்தில் ஒரு பனை மரம் இருக்கிறது, அதன் உச்சியில் இதே தொப்பி. உண்மையிலேயே அடிமைத்தளையை அறுத்தவர்கள் அவர்கள். அந்தத் தொப்பிக்கு அவர்களைவிட உரிமை உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

சேவல் விஷயம் சின்னது. ‘காலுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குச் சேவல் என்றும் பொருள், பிரான்சின் பூர்வகுடியான கால் இனத்தவன் என்றும் பொருள். சொல் விளையாட்டில் பிறந்த பறவை அது. நெப்போலியனுக்கு அது பிடிக்கவில்லை, கழுகை எடுத்துக்கொண்டார். 1830 புரட்சிக்குப் பிறகு சேவல் திரும்பி வந்தது.

புதுச்சேரி போலீஸாரின் தொப்பி ‘கெப்பி’. தட்டையான மேல்பாகமும் முன்விளிம்பும் கொண்ட பிரெஞ்சுப் படைத் தொப்பி அது. நிறம் சிவப்பு என்பதைத் தவிர மரியானின் தொப்பிக்கும் அதற்கும் உறவில்லை.

ஆனால் உங்கள் காசுக்கும் புதுச்சேரிக்கும் வேறொரு உறவு இருக்கிறது. சேவல் பக்கத்தில் மூன்று சொற்கள் பொறித்திருக்கும், தேடிப் பாருங்கள்: லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிரத்தெர்னித்தே. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழ் இந்த மூன்றையும்தான் தன் கொள்கை முழக்கமாக முகப்பில் தாங்கி வந்தது. 1908-இல் பிரிட்டிஷ் அரசின் கெடுபிடிக்குத் தப்பி அந்த இதழ் வந்து சேர்ந்த ஊர் புதுச்சேரி.

காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய துணியால் துடைத்து, தாத்தாவின் பட்டாளக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள்.