நியூயார்க்கில் ஓர் ஆட்டம்: புதிதாக மட்டை பிடித்தவர்களுக்கு

ஆபீஸ் வேலையாகவோ அக்கா வீட்டு விசேஷத்துக்கோ நியூயார்க் போகிற இளையவர்கள், கோல்ஃப் பழகி ஓராண்டு ஈராண்டு ஆனவர்கள், என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அங்கே இருப்பதிலேயே நல்ல மைதானம் எது சார்?” நல்ல மைதானத்துக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. உங்களுக்குக் கிடைக்கப்போவதோ அரை நாள். உங்கள் ஆட்டமும் இன்னும் கையில் படியவில்லை. இந்த இரண்டுக்கும் ஒத்துவருகிற மைதானமே உங்களுக்கு நல்ல மைதானம். பெயரைக் கேட்டுப் போனவர்கள் நிறைய ஃபோட்டோவோடு திரும்பியிருக்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

1. முதலில் கூச்சத்தை விடுங்கள். நம் ஊரில் கோல்ஃப் என்றால் கிளப், உறுப்பினர், சிபாரிசு என்றே பழகிவிட்டோம். நியூயார்க்கில் பிராங்க்ஸ், புரூக்ளின், குவீன்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் நான்கு பகுதிகளிலும் மாநகரப் பூங்காத் துறைக்குச் சொந்தமான மைதானங்கள் உண்டு. பணம் கட்டினால் யாரும் ஆடலாம். நீங்கள் யார், யாருக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. பிராங்க்ஸில் உள்ள வான் கோர்ட்லாண்ட் பூங்கா மைதானம் 1895-இல் ஒன்பது ஹோல்களோடு திறக்கப்பட்டது. அமெரிக்காவின் மிகப் பழைய பொது கோல்ஃப் மைதானம் அதுதான். அங்கே உங்களோடு ஆட வருகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரராக இருக்கலாம், இரவு ஷிஃப்ட் முடித்த நர்ஸாக இருக்கலாம்.

2. மைதானத்தின் படத்தைப் பார்க்கும் முன் ரயில் வரைபடத்தைப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். நீங்கள் தங்கப்போவது அநேகமாக மன்ஹாட்டனில். அங்கே 18 ஹோல் மைதானம் ஒன்றுகூடக் கிடையாது. எங்கே ஆடினாலும் ஆற்றையோ கடல் வாயையோ தாண்டித்தான் போக வேண்டும். வான் கோர்ட்லாண்டுக்கு 1-ஆம் எண் ரயிலில் ஏறிக் கடைசி நிறுத்தமான 242-ஆம் தெருவில் இறங்கினால் போதும், பிறகு நடைதான். மோஷோலு என்ற ஒன்பது ஹோல் மைதானம் 4-ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தமான உட்லானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புரூக்ளினின் டைக்கர் பீச்சுக்கு ஆர் ரயிலில் 86-ஆம் தெரு வரை போய்க் கொஞ்சம் நடக்க வேண்டும். பெல்ஹம் பே பூங்காவில் ஸ்பிளிட் ராக், பெல்ஹம் பே என்று இரண்டு மைதானங்கள் ஒரே கிளப் ஹவுஸைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் இடமில்லாவிட்டால் அடுத்ததைக் கேட்கலாம், அது வசதி. ஆனால் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். ஸ்டேட்டன் ஐலண்டில் மூன்று மைதானங்கள் உண்டு. படகுக்குக் கட்டணமில்லை, சுதந்திர தேவி சிலையையும் பார்த்துக்கொண்டே போகலாம். அக்கரை சேர்ந்த பிறகு பேருந்துக்குக் காத்திருப்பதில் காலைப் பொழுது கழிந்துவிடும். சொந்தக்காரர் காரில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

3. பெத்பேஜ் பிளாக் ஆசையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். இதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். லாங் ஐலண்டில் ஃபார்மிங்டேல் ஊரில் இருக்கும் பெத்பேஜ் மாநிலப் பூங்காவில் ஐந்து மைதானங்கள்: பிளாக், ரெட், புளூ, கிரீன், யெல்லோ. 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுத்துக் கட்டிய இடம் அது. பிளாக் 1936-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவராகச் சொல்லப்படுபவர் ஏ. டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட். 2002-இல் யு.எஸ். ஓப்பன் அங்கே நடந்தது. அரசுக்குச் சொந்தமான பொது மைதானம் ஒன்றில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. வென்றவர் டைகர் உட்ஸ். அவருடைய அப்பா ஏர்ல் உட்ஸ், புரூக்ளினின் ஃபோர்ட் ஹாமில்டன் ராணுவத் தளத்தில் பணியாற்றியபோது நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பழகியது மேலே சொன்ன டைக்கர் பீச்சில்தான். அப்பா கற்றது ஒரு பொது மைதானம், மகன் வாகை சூடியது இன்னொன்று. இந்த விளையாட்டு பணக்காரர்களுக்கு மட்டும் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பெருமை இருக்கட்டும். பிளாக் மைதானத்தின் முதல் டீ அருகே ஒரு பலகை இருக்கிறது: இது மிகமிகக் கடினமானது, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்கிறது. விளம்பரத்துக்கு வைத்ததல்ல. பெரிய போட்டிகளில் அதன் நீளம் 7,400 யார்டுக்கு மேல். கார்ட் கிடையாது, ஏற்ற இறக்கமான நிலத்தில் நடந்தே ஆட வேண்டும். நியூயார்க் மாநிலத்தவர் ஏழு நாள் முன்னதாக டீ டைம் பதியலாம், வெளியாட்களுக்கு ஐந்து நாள் முன்னதாகத்தான் கதவு திறக்கும். கட்டணமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பதிவு கிடைக்காதவர்கள் முந்தின இரவே கார் நிறுத்துமிடத்தில் வரிசை போட்டு, வண்டியிலேயே தூங்கி, விடியலில் சீட்டு வாங்குவார்கள். ஒரு வார விடுமுறையில் வந்தவருக்கு இது தேவையா? ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். பெத்பேஜை எப்படியும் பார்த்தாக வேண்டும் என்றால் பென் ஸ்டேஷனிலிருந்து லாங் ஐலண்ட் ரயிலில் போய் கிரீனிலோ யெல்லோவிலோ ஆடுங்கள். அதே பூங்கா, அதே காற்று, பந்தும் மிஞ்சும்.

4. மைதானத்தின் பெயரை விட எந்த டீயிலிருந்து அடிக்கிறீர்கள் என்பது முக்கியம். ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு டீக்கும் மொத்த நீளமும் ஸ்லோப் எண்ணும் இருக்கும். ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை போகும், நடுத்தரம் 113. எண் ஏற ஏற, தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரர் கூடுதலாகத் திணறுவார் என்று அர்த்தம். 130-ஐத் தாண்டினால் உங்களைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டும். நீளத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 5-அயர்னில் சாதாரணமாக எவ்வளவு தூரம் அடிப்பீர்களோ, அதை 36-ஆல் பெருக்குங்கள். 140 யார்டு என்றால் ஏறக்குறைய 5,000 யார்டு மைதானம் உங்களுக்குப் பொருந்தும். அப்படியென்றால் முன் டீதான். முன் டீ பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கும் ஆண்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. ஒன்பதாவது ஹோலுக்குள் அவர்கள் பை காலியாகிவிடும்.

5. நேரம் பதியும்போது உங்கள் உடம்பைக் கேளுங்கள். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று நாள் விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடும், மாலை ஐந்துக்குக் கண் சொக்கும். அந்த நாட்களில் முதல் வரிசை டீ டைம் எடுங்கள். உள்ளூர்க்காரர்கள் அலாரம் வைத்து எழுந்திருப்பது உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. உடம்பு ஊரோடு பழகிய பிறகு ட்வைலைட் கட்டணத்தில் ஆடலாம். பிற்பகலில் விலை இறங்கும், ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும், 18 ஹோலும் முடித்துவிடலாம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். நாலரை மணி நேர ஆட்டம் அன்றைக்கு ஆறு மணி நேரமாக இழுக்கும்.

மாநகர மைதானங்களிலும் ஊர்க்காரருக்கு ஒரு விலை, வெளியாளுக்கு ஒரு விலை. அத்தானின் அட்டையைக் காட்டி உங்களுக்குச் சலுகை வாங்க முயலாதீர்கள், அவமானப்படுவது அவர்தான்.

6. பணம் கட்டும் முன் ஒரு ஃபோன் போடுங்கள். கேட்க வேண்டியது மூன்றே விஷயம். ஒன்று, கிரீனில் துளை போட்டிருக்கிறார்களா? வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் புல்லின் வேருக்குக் காற்றுப் போக கிரீன் முழுக்கச் சிறு துளைகள் இட்டு மணல் தூவுவார்கள். அது ஆறும்வரை பட் அடித்த பந்து தத்தித் தத்திப் போகும். உள்ளூர்க்காரர் அந்த வாரம் வேறு இடம் போய்விடுவார், விஷயம் தெரியாத விருந்தாளிதான் முழுக் கட்டணம் கட்டுவார். இரண்டு, மழைக்குப் பிறகு கார்ட்டை ஃபேர்வேயில் ஓட்ட விடுகிறார்களா, பாதையோடு நிறுத்திவிடுகிறார்களா? பாதையோடு என்றால் கார்ட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நடந்துவிடலாம். மூன்று, குளிர் மாதங்களில் காலை உறைபனி காரணமாக ஆட்டம் தள்ளிப்போகுமா? உறைந்த புல்லை மிதித்தால் அது செத்துவிடும் என்பதால் வெயில் ஏறும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். மதியம் மீட்டிங் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

7. முழுப் பையையும் ஊரிலிருந்து தூக்கிப்போக வேண்டாம். விதி 14 மட்டை வரை அனுமதிக்கிறது. அத்தனையும் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஏழு மட்டை, ஒரு சின்னப் பை என்றால் சப்வே படிக்கட்டில் ஏறலாம். வாடகை மட்டை பல மைதானங்களில் கிடைக்கும், இடக்கைக்காரர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பந்தும் ஷூவும் சொந்தமாக இருக்கட்டும். காலர் வைத்த சட்டை போட்டுப் போனால் எங்கும் கேள்வி வராது.

8. தனியாகவே போங்கள், தயங்காதீர்கள். ஸ்டார்ட்டர் உங்களை மூன்று பேரோடு சேர்த்துவிடுவார். தனி ஆளுக்கு இடம் கிடைப்பது எப்போதும் சுலபம், கூட்டமான மைதானத்திலும் நாலாவது ஆளுக்கு ஓர் ஓட்டை இருக்கும். முதல் டீயில் பெயரைச் சொல்லிக் கை கொடுத்துவிட்டு, புதிதாக ஆடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அவர்கள் சகிக்காதது மோசமான ஆட்டத்தை அல்ல, தாமதத்தைத்தான். முறை வரும்போது தயாராக நில்லுங்கள். தொலைந்த பந்தைத் தேட 2019-இலிருந்து விதி தருவது மூன்று நிமிடம்தான், புதியவர்கள் ஒரு நிமிடத்தோடு நிறுத்துவது மரியாதை. ஒரு ஹோலில் எட்டு அடி, ஒன்பது அடி ஆகிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடங்கள். பங்க்கரில் இறங்கினால் ரேக்கால் மணலைச் சமப்படுத்துங்கள். கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யுங்கள், உங்களுடையதோடு இன்னொருவர் விட்டுப்போனதையும். பந்து யார் பக்கமாவது திரும்பினால் வெட்கப்படாமல் “ஃபோர்!” என்று கத்துங்கள். மைதானத்தில் பழகியவர்களிடம், அந்த ஊரில் வேறு எங்கே ஆடலாம் என்று கேளுங்கள். நான் சொல்வதைவிட அவர்கள் சொல்வது புதுசாக இருக்கும்.

9. 18 ஹோலும் ஆடியே ஆக வேண்டும் என்பதில்லை. அரை நாளும் இல்லையா, மோஷோலுவில் ஒன்பது ஹோல் ஆடலாம். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறதா, ஹட்சன் ஆற்றங்கரையில் செல்சி பியர்ஸில் நாலு அடுக்குப் பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஆற்றை நோக்கிப் பந்தடிக்கலாம், வலை தடுத்துவிடும். முழு ஆட்டத்துக்கு முந்தின நாள் அங்கே போய்க் கையை இளக்கிக்கொள்வதும் நல்ல யோசனை.

10. பெயரைச் சொன்னால்தான் விடுவேன் என்பவர்களுக்கு: முதல் பயணம், வார நாள், கார் இல்லை என்றால் வான் கோர்ட்லாண்ட். வெரஸானோ பாலத்தைப் பார்த்துக்கொண்டே மாலையில் ஆட ஆசை என்றால் டைக்கர் பீச். முழு நாள் ஒதுக்க முடிந்தால் பெத்பேஜ் கிரீன். ஒயிட்ஸ்டோன் பாலத்தடியில், பழைய குப்பைமேட்டின் மீது ஜாக் நிக்லாஸ் வடிவமைத்து 2015-இல் திறந்த ஃபெர்ரி பாயின்டும் பொது மைதானம்தான். அழகானது, விலையும் அழகானது. கம்பெனி செலவில் யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள். மற்றபடி, தேதி முடிவானதும் டீ டைமைப் பதிந்துவிடுங்கள். விமான டிக்கெட் கையில் வந்த பிறகும் “போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்தால், கோடையில் நல்ல நேரமெல்லாம் உள்ளூர்க்காரர் கையில் போயிருக்கும்.