புல்லிடைப் பாயும் தவளைகள்

பார்வோன் மனம் கடினப்பட்டபோது எகிப்து நாட்டின்மேல் வந்த இரண்டாம் வாதையை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நைல் நதியிலிருந்து தவளைகள் திரள் திரளாக ஏறி வந்து, படுக்கையறையிலும் அடுப்பிலும் மாவு பிசையும் தொட்டியிலும் நிறைந்தன என்கிறது விடுதலைப் பயண நூல். அந்த நைல் பள்ளத்தாக்கில் இன்றும் ஒருவகைப் புல்தவளை வாழ்கிறது. அதன் உறவினங்களோ ஆப்பிரிக்காவின் சவன்னாப் புல்வெளிகள் எங்கும் பரவியிருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோமா?

மரங்கள் ஆங்காங்கே நிற்க, இடையில் உயர்ந்த புல் வளர்ந்திருக்கும் பரந்த வெளியே சவன்னா. யானை, சிங்கம், வரிக்குதிரை என்றுதான் அதை நாம் எண்ணிப் பார்க்கிறோம். காலடியில் உள்ள தவளையை யார் எண்ணுகிறார்கள்? ஆயினும் புல்தவளைகளில் மட்டும் ஏறத்தாழ 60 இனங்கள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. அறிவியலார் இப்பேரினத்தை ‘டைக்கடீனா’ என்று அழைக்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘மடிப்பு’, ‘சுரப்பி’ ஆகிய இரு சொற்கள் சேர்ந்து உண்டான பெயர் இது. இத்தவளையின் முதுகில் தலையிலிருந்து பின்புறம் வரை நீளவாக்கில் தோல் மடிப்புகள் வரிவரியாக ஓடும். பல இனங்களுக்கு நடுமுதுகில் வெளிறிய கோடு ஒன்றும் உண்டு. காய்ந்த புல்லுக்குள் அசையாமல் அமர்ந்துவிட்டால், புல்லின் தாளும் நிழலும் எது, தவளை எது என்று கண்டறிவது கடினம். கொக்கு, நாரை, பாம்பு ஆகிய பகைகளிடமிருந்து படைத்தவர் அதற்குத் தந்த முதற்காப்பு இது.

இரண்டாம் காப்பு அதன் பின்னங்கால்கள். கூர்மூக்குப் புல்தவளை என்னும் இனம் தாண்டுவதில் உலகப் புகழ் பெற்றது. 1977-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நடந்த தவளைப் பந்தயத்தில், ‘சான்ட்யீ’ என்று பெயரிடப்பட்ட தவளை அடுத்தடுத்து மூன்று தாவல்களில் 10.3 மீட்டர் கடந்தது. ஒரு தாவலுக்குச் சராசரி 3.4 மீட்டர்! விரல் நீளமே உள்ள உயிர், தன் உடலைப்போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு தூரம் பாய்ந்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள மாணவி ஒருத்தி அதே கணக்கில் தாண்டினால், ஒரே தாவலில் 75 மீட்டர் போய் விழுவாள்!

சவன்னாவில் மழை சில மாதங்களே பெய்யும். முதல் மழையில் பள்ளங்களில் நீர் தேங்கியதும் ஆண் தவளைகள் குரல் கொடுக்கத் தொடங்குகின்றன. ஒரே குட்டையில் பல இனங்கள் கூடினாலும் குழப்பம் இல்லை. ஒன்று திறந்த சேற்றுக் கரையில் அமர்ந்து கத்தும். இன்னொன்று புல்லின் அடியில் மறைந்திருந்து கத்தும். மொசாம்பிக் புல்தவளையின் குரல் வாத்தின் குரல் போலிருக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல் இருப்பதால், பெண் தவளை தன் இனத்தை இருளிலும் தவறாமல் கண்டுகொள்கிறது.

முட்டைகள் நீரின் மேற்பரப்பில் ஒரே அடுக்காகப் பரவி மிதக்கின்றன. இதற்கும் காரணம் உண்டு. வெயிலில் சூடேறிய தேங்குநீரில் உயிர்வளி குறைவு. மேலே மிதக்கும் முட்டைக்குக் காற்று எளிதில் கிடைக்கும். சில நாள் நிற்கும் குட்டையில் மீன் இல்லாதது தலைப்பிரட்டைகளுக்கு நன்மை. ஆனால் நீர் வற்றுவதற்குள் அவை கால் முளைத்துக் கரையேற வேண்டும். பிந்தியவை சேற்றிலேயே மடியும். ஒவ்வோர் ஆண்டும் இது உயிருக்கான ஓட்டப்பந்தயமே.

ஐவரி கோஸ்ட் நாட்டின் கோமோயே தேசியப் பூங்காவின் சவன்னாவில் முப்பதுக்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் வாழ்கின்றன. 1983-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இப்பூங்கா, நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டதால் 2003-இல் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நிலைமை தேறியபின் 2017-இல் பட்டியலிலிருந்து நீங்கியது. மனிதர் சண்டையிட்டால் காட்டு உயிர்களும் துன்புறும் என்பதற்கு இது சான்று.

இன்னொரு பாடமும் உண்டு. எத்தியோப்பியாவின் மேட்டுநிலப் புல்தவளைகள் வெகுகாலம் ஒருசில இனங்களாகவே எண்ணப்பட்டன. மரபணுவையும் குரலையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, ஒன்றுபோல் தோன்றியவை வெவ்வேறு இனங்கள் என்று தெரிந்தது. 2021-இல் மட்டும் அங்கு நான்கு புதிய இனங்கள் பெயர் பெற்றன. ஒன்று என்று நாம் எண்ணியிருந்த காலத்தில் அவற்றுள் ஓர் இனம் அழிந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? இருப்பதே தெரியாத ஒன்றின் இழப்புக்காக யார் வருந்துவார்?

பெனின், நைஜீரியா போன்ற நாடுகளில் பெருந்தவளைகளைப் பிடித்து, உலர்த்தி, உணவுக்காகச் சந்தையில் விற்கிறார்கள். அத்தவளை நம் வயல்களில் வாழும் பெரிய தவளையின் நெருங்கிய உறவு. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் நாடும் ஒரு காலத்தில் தவளைக் கால்களைப் பெருமளவில் வெளிநாடுகளுக்கு அனுப்பி அந்நியச் செலாவணி ஈட்டியது. வயலில் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவியவை, உணவு மேசைக்குப் போயின. 1987-இல்தான் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

மீண்டும் எகிப்துக்கு வருவோம். மோசே மன்றாடியதும் தவளைகள் செத்துக் குவியல் குவியலாகக் கிடந்தன. நாடெங்கும் நாற்றம் எடுத்தது. அதன்பின் வந்த வாதைகள் எவை என்று நினைவிருக்கிறதா? முதலில் கொசுக்கள், பிறகு ஈக்கள்! மறைநூல் இதை இயற்கைப் பாடமாகச் சொல்லவில்லை. இறைவனின் ஆற்றலைக் காட்டவே சொல்கிறது. ஆயினும் அந்த வரிசையைப் படிக்கும்போது தவளையின் அருமை நமக்கு விளங்காமல் போகாது.

அன்பு மாணவியரே! மழைக்கால இரவில் தவளைகள் கத்தினால், தூக்கம் கெடுகிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எத்தனை வகைக் குரல்கள் கேட்கின்றன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு கேட்ட குரல் இவ்வாண்டும் கேட்டால், இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், ஏன் என்று கேளுங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.