பில்லைக் காட்டிப் பேசுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புக் கூட்டத்தில் காலநிலை மாற்றம் என்று நான் வாயெடுத்தால், "அதெல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கும் சார், லிஃப்ட் எப்ப ரெடியாகும்?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சென்னை மே மாத வெயிலில் நாலாவது மாடிக்குப் படியேறுவது லேசான காரியமில்லை. ஆனால் கரண்ட் பில் என்றால் அதே ஆட்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். அதனால் இப்போதெல்லாம் பில்லில்தான் ஆரம்பிக்கிறேன்.

இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும். இதைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், பிறகு ஃபேனைப் பற்றிப் பேசுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனும் சிக்கன மோட்டார் ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று மாற்றினால் கிட்டத்தட்ட நூறு. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால், மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு குறைகிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். படுக்கையறை, ஹால் என்று அதிகம் சுற்றுகிற ஃபேனிலிருந்து தொடங்கலாம். ஏசியை 24இல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொண்டால் நன்றாகவே தூங்கலாம். போர்வை கேட்கிற ஏசி எதற்கு என்பது என் அம்மாவின் கேள்வி.

அடுத்தது சமையலறைக் குப்பை. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும்போது அதிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்த புகையைச் சுவாசித்தவர்களிடம் இதை விளக்கவே தேவையில்லை. அந்தக் குப்பையை மொட்டைமாடியில் டிரம் வைத்து மட்க வைக்கலாம் என்றால், மற்றவர்களுக்கு முதல் பயம் நாற்றம். டிரம்மில் நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம்; இரண்டு கை காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ போட்டுக் கிளறினால் அடங்கிவிடும். சமைத்த சோறும் மீன்முள்ளும் முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். புழு வந்தால் பயந்து டிரம்மைக் கவிழ்த்துவிடாதீர்கள். மட்க வைக்கிற வேலையில் பாதி அதனுடையது.

அடுத்தது சோலார். இது தனி ஆள் நினைத்தால் நடக்காது. மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. ஆனால் மோட்டார், லிஃப்ட், வராந்தா விளக்கு ஆகியவற்றின் பொது பில்லைக் குறைக்கக் குடியிருப்போர் சங்கமே தகடு போடலாம். 2024இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் அதற்கும் மானியம் உண்டு.

காலநிலைக்காக நடத்தும் மரம் நடும் விழாக்களில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. ஃபோட்டோ எடுத்த கையோடு தண்ணீர் ஊற்றப் பெயர் கொடுப்பவர் இருந்தால் மட்டும் போகிறேன்.

உங்கள் குடியிருப்பின் அடுத்த கூட்டத்துக்குக் கடந்த ஒரு வருடத்துப் பொது மின்கட்டண ரசீதுகளை எடுத்துக்கொண்டு போங்கள். லிஃப்ட் பேச்சு முடியட்டும், பிறகு மேஜையில் வையுங்கள்.