கேட்டன் துணி வாங்கும் முன் ஜன்னலை அளப்போம்



இந்த முறை ஒரு சின்ன வேலையைப் பற்றிப் படிப்போம். ஜன்னலுக்குத் திரைச்சீலை, அதாவது நாம் சொல்கிற கேட்டன், தைக்க எப்படி அளவு எடுப்பது என்பதுதான் பாடம். "இதையும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டுமா ஐயா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் லயக் காம்பராவில் இருந்து 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனார். மூத்த பிள்ளை ஓ.எல். படிக்கிறாள். ரோட்டுப் பக்கத்துக் காம்பரா அவளுக்கு. போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள் என்று, இருட்டினால் பிள்ளை லைட் போடவே மாட்டேன் என்கிறாள். தாய் தீபாவளி முற்பணத்தில் கொஞ்சம் எடுத்துத் துணி வாங்கி வந்தார். தைத்து மாட்டினால் இரண்டு துண்டும் நடுவில் சேரவில்லை. ஒரு சாண் இடைவெளி! பிள்ளை அந்த இடத்தில் தன் புத்தகப் பையைத் தொங்கவிட்டுப் படித்தாள்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அளவில் நானும் ஏமாந்தவன்தான்.

மருதமுனையில் கற்ற பாடம்

2018ஆம் ஆண்டு ஒரு கல்யாணத்துக்காகப் பதுளையில் இருந்து பிபிலை, மகா ஓயா, அம்பாறை வழியாகக் கல்முனைக்குப் போனேன். கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு ரோட்டிலேயே மருதமுனை இருக்கிறது. முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். கைத்தறி நெசவுக்குப் பேர்போன ஊர். சாரன், சாரி எல்லாம் அங்கே தறியில் நெய்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியில் அந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உயிர்களோடு வீடும் தறியும் சேர்ந்து போயின. அதற்குப் பிறகும் நெசவை விடாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு தறிக்காரர் வீட்டில் நல்ல கோடு போட்ட பருத்தித் துணி கண்டேன். அங்கே மூத்தவர்களைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும், "காக்கா, ஒரு ஜன்னலுக்குத் துணி வெட்டுங்க" என்றேன்.

"யன்னல் என்ன அளவு தம்பி?"

"நாலு அடி உயரம் இருக்கும். ரெண்டேமுக்கால் யார் போதும்."

"கம்பிக்கு எவ்வளவு விட்டீங்க? மடிப்புக்கு? இது பருத்தி தம்பி, கழுவினா சுருங்கும். அளவ எழுதிக்கொண்டு வந்தா நான் சரியா வெட்டித் தருவன்."

காசுக்காக அதிகம் வெட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, நான் கேட்டதையே வெட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்து தைத்து, ஒரு தரம் கழுவி மாட்டினால், கீழே கிட்டத்தட்ட ஒரு அடி ஜன்னல் வெறுமனே தெரிந்தது. மனுஷன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் அவசரம்.

அவர் சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. தறியில் நூலை இழுத்து விறைப்பாகக் கட்டித்தான் நெய்வார்கள். நூலுக்குக் கஞ்சியும் போடுவார்கள். முதல் கழுவலில் கஞ்சி போய், இழுபட்ட நூல் தளர்ந்து பழைய நிலைக்கு வரும். அதனால்தான் துணி சுருங்குகிறது. துணியில் குற்றம் இல்லை.

அளக்கும் முறை

சாண், முழம் வேண்டாம். என் முழம் வேறு, உங்கள் முழம் வேறு. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு லயத்துக்கு ஒன்று இருந்தாலும் போதும்.

1. அகலம். கண்ணாடியை அளக்காதீர்கள். மரச்சட்டத்தின் வெளி ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை அளக்க வேண்டும். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, கூடிய அளவை எழுதுங்கள். பழைய லயங்களில் சுவர் சாய்ந்து மூன்றும் மூன்று விதமாக இருக்கும்.

2. கம்பி. ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் 4 அங்குலம் வெளியே வருகிற மாதிரிக் கம்பி போடுங்கள். அப்போதுதான் ஓரத்தால் பார்க்க முடியாது. பகலில் கேட்டனை ஒதுக்கினால் வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும். சட்டத்துக்கு மேலே 4 அங்குலம் தள்ளிக் கம்பி இருக்கட்டும்.

3. சுருக்கு. துணி கம்பியின் நீளத்துக்குச் சரியாக இருந்தால் பலகை மாதிரி நிற்கும், சேராது. கம்பியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு துணி அகலம் வேண்டும். மெல்லிய துணி என்றால் இரண்டு மடங்கு.

4. உயரம். கம்பியில் இருந்து, சட்டத்துக்குக் கீழே 4 அங்குலம் வரை அளக்க வேண்டும்.

5. மடிப்பு. மேலே கம்பி நுழைய 3 அங்குலம், கீழே மடித்துத் தைக்க 4 அங்குலம், ஆக 7 அங்குலம் கூட்டுங்கள். பக்க ஓரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 அங்குலம் போகும்.

6. சுருக்கம். பருத்தித் துணி என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் இன்னும் 3 அங்குலம் கூட்டுங்கள். தைக்கும் முன் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து விடுவது இன்னும் நல்லது.

கணக்குப் பார்ப்போம்

அந்தத் தாயின் ஜன்னலையே எடுப்போம். அகலம் 42 அங்குலம், உயரம் 48 அங்குலம். கடைத் துணியின் அகலம் 45 அங்குலம். "ஜன்னல் 42, துணி 45, தாராளம்" என்று நினைத்து, ஒரே துண்டை வாங்கி நடுவால் வெட்டி இரண்டாக்கினார். நாலு ஓரம் மடித்ததில் 4 அங்குலம் போய் மிச்சம் 41. கம்பியோ 50 அங்குலம். 9 அங்குலம் குறைந்தது. அதுதான் அந்த ஒரு சாண்.

சரியான கணக்கு இது. கம்பி 42உடன் 8, ஆக 50 அங்குலம். 45 அங்குல அகலத் துணியில் முழுதாக இரண்டு துண்டு வேண்டும். இரண்டும் 90, ஓரம் போக 86. ஒன்றரை மடங்கு 75தான், ஆகவே போதும். உயரம் 48உடன் 8, ஆக 56. மடிப்பு 7, சுருக்கம் 3 சேர்த்து 66. இரண்டு துண்டுக்கு 132 அங்குலம். 36 அங்குலம் ஒரு யார். ஆகவே 3¾ யார் வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். சில கடைகளில் மீற்றரில் வெட்டுவார்கள். ஒரு மீற்றர் 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. யாரா, மீற்றரா என்று கேட்டுவிட்டு விலையைப் பாருங்கள். துணியின் அகலத்தையும் கேளுங்கள். எல்லாத் துணியும் 45 அங்குலம் அல்ல. கைத்தறியில் தறி எவ்வளவோ துணியும் அவ்வளவுதான்.

அடுப்படி ஜன்னலுக்கு

அடுப்படி ஜன்னலுக்கு நீளக் கேட்டன் வேண்டவே வேண்டாம். காற்றில் பறந்து அடுப்பில் விழுந்தால் துணியோடு போகாது. லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசையாக எல்லாக் காம்பராவுக்கும் போகும். குப்பி விளக்கும் மெழுகுதிரியும் வைக்கிற இடத்திலும் இதே கவனம் வேண்டும். அங்கே ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் சின்னத் துணி, இரண்டு பக்கமும் கட்டி வைத்தால் போதும்.

ஏற்கனவே குறைந்து போனால்

வீசிவிடாதீர்கள். உயரம் குறைந்தால் கீழே வேறு நிறத் துணியில் ஒரு கரை வைத்துத் தையுங்கள். என் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பார்க்கிறவர்கள் அதைப் புது ஸ்டைல் என்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. அகலம் குறைந்தால் நடு ஓரங்களில் பழைய சாரியில் ஒட்டுப் போடலாம். அந்தத் தாய்க்கும் அதையே சொன்னேன். அவருடைய பழைய நீலச் சாரியில் அகலமாக இரண்டு பட்டி வெட்டி, இரண்டு துண்டுக்கும் நடு ஓரத்தில் வைத்துத் தைத்தார். இடைவெளி மூடிவிட்டது. புத்தகப் பை இப்போது ஆணியில் தொங்குகிறது. அந்தப் பக்கமாக இரவில் போனால் கேட்டனுக்குப் பின்னால் லைட் எரிகிறது. பிள்ளை படிக்கிறாள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

ஜன்னல் அகலம் 36 அங்குலம், உயரம் 40 அங்குலம். பருத்தித் துணி, அகலம் 45 அங்குலம். எவ்வளவு துணி வேண்டும்? அம்மாவோடு இருந்து கணக்குப் போட்டுவிட்டுக் கீழே பாருங்கள்.

விடை: ஒரு துண்டு 58 அங்குலம், இரண்டுக்கும் 116 அங்குலம். 3 யார் வாங்கினால் 8 அங்குலம் குறையும். 3 மீற்றர் வாங்கினால் போதும். இப்போது தெரிகிறதா, யாருக்கும் மீற்றருக்கும் உள்ள வித்தியாசம்?

அளவைக் காகிதத்தில் எழுதி, மடித்து, பணப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சம்பளக் காசு ஒவ்வொன்றும் கொழுந்துக் கூடை சுமந்த காசு. அளந்து செலவழிப்போம்.

உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்