சென்னையில் பிறந்த கம்ப்யூட்டர் பாண்டவர்கள் – ஒரு ரசிகனின் கணக்கு

"கார்ட்டூன் படம்னா டிஸ்னிதான்டா. நம்ம பக்கம் எவன் எடுத்தான்?"

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே டீ குடிக்கும்போது என் நண்பன் இப்படிக் கேட்டுவிட்டான். நான் விடவில்லை. சண்டை டீ ஆறும்வரை நடந்தது. அன்று அவனிடம் சொல்லி முடிக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன், நண்பர்களே!

நம்ம ஊரில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் சென்னையில், பென்டாமீடியா கிராபிக்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. வி. சந்திரசேகரன் தலைமையில் பென்டாஃபோர் என்ற சாப்ட்வேர் கம்பெனியாக வளர்ந்து, பிறகு இந்தப் பெயருக்கு வந்தது. 2000-ம் ஆண்டில் இரண்டு முழு நீளப் படங்களோடு இது சம்பந்தப்பட்டிருந்தது. ஒன்று 'சிந்துபாத்'. பிரெண்டன் பிரேசர் குரல் கொடுத்த ஆங்கிலப் படம். முழுக்க முழுக்க மோஷன் கேப்சர் முறையிலேயே எடுக்கப்பட்ட முதல் முழு நீளப் படம் என்று சொல்வார்கள். இன்னொன்று உஷா கணேசராஜா இயக்கிய 'பாண்டவாஸ்'. சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஆமாம், ஆங்கிலப் படம்! சென்னையில் எடுத்த மகாபாரதம் ஆங்கிலத்தில் பேசியது. இந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மோஷன் கேப்சர் என்றால் என்ன? பெரிய மாயம் ஒன்றுமில்லை. முதல் வருடம் இன்ஜினியரிங் டிராயிங்கில் பிளானும் எலிவேஷனும் கொடுத்து, பொருளைக் கண்டுபிடி என்பார்களே, அதேதான். நடிகரின் தோள், முழங்கை, முட்டி எல்லாவற்றிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் சின்னப் பந்துகளை ஒட்டிவிடுவார்கள். சுற்றி நிற்கும் கேமராக்கள் ஒவ்வொரு பந்தையும் பல கோணங்களில் பார்க்கும். இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவது அளவும் கிடைத்துவிடுமல்லவா? அந்தப் புள்ளிகள் கம்ப்யூட்டருக்குள் ஓர் எலும்புக்கூட்டை ஆட்டும். எலும்புக்கூட்டின் மேல் பீமனின் உடம்பைப் போர்த்தினால் பீமன் நடப்பான்.

அடுத்தது ரெண்டரிங். ஒரு கணக்குப் போடுவோம். படம் 90 நிமிடம், வினாடிக்கு 24 பிரேம். மொத்தம் 1,29,600 பிரேம். ஒரு பிரேமுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 64,800 மணி நேரம். ஒரே கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினாலும் 2,700 நாள், அதாவது ஏழு வருஷத்துக்கு மேல்! 100 கம்ப்யூட்டர் இருந்தால் 27 நாள். அனிமேஷன் கம்பெனிக்கு ஏன் அவ்வளவு முதல் வேண்டும் என்பது இப்போது புரியும்.

ரசிகனாக இருந்தாலும் குறையைச் சொல்லத்தான் வேண்டும். 'பாண்டவாஸ்' படத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். நடை சரியாக இருக்கிறது, ஆனால் முகம் பொம்மை மாதிரி நிற்கிறது. பந்து ஒட்டி எடுப்பது கை காலுக்குச் சரி. கண்ணுக்குள் பந்து ஒட்ட முடியுமா? பிக்ஸார் 1995-ல் 'டாய் ஸ்டோரி' எடுத்தபோது பொம்மைகளைக் கதாநாயகர்களாக்கியது சும்மா இல்லை. பிளாஸ்டிக்கைக் கம்ப்யூட்டர் அழகாகக் காட்டும்; தோல், தலைமுடி, வேட்டி மடிப்பு எல்லாம் அன்று பெரிய தலைவலி. நம்மவர்களோ எடுத்த எடுப்பிலேயே மகாபாரதத்தில் கை வைத்தார்கள். அத்தனை மனிதர்கள், அத்தனை தாடி! துணிச்சல்தான், ஆனால் கருவிக்கு ஏற்ற கதை அது இல்லை என்பது என் கட்சி. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2001-ல் ஜப்பானிய ஸ்கொயர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேன்டசி' படத்தில் நிஜ மனிதர்களைப் போலவே செய்யப் பார்த்துப் பெரும் நஷ்டப்பட்டது. 2004-ல் வந்த ஹாலிவுட்டின் 'போலார் எக்ஸ்பிரஸ்' மீதும் இதே கண் புகார்தான்.

இதற்கிடையில் இன்னொரு அடி. கேதன் பரேக் ஆசையாக வாங்கிக் குவித்த பத்துப் பங்குகளில் பென்டாமீடியாவும் ஒன்று. 2001-ல் அந்தப் பங்குகள் சரிந்தபோது இதுவும் சரிந்தது. அதற்குப் பிறகும் படம் எடுத்தார்கள் பாருங்கள், அதைத்தான் நான் மெச்சுகிறேன். 2003-ல் 'சன் ஆஃப் அலாதீன்', இயக்கியவர் நம்ம 'அபூர்வ சகோதரர்கள்' சிங்கீதம் சீனிவாசராவ். 2004-ல் புத்தர் கதை. அதில் 3டி-யை விட்டு 2டி-க்குத் திரும்பினார்கள். கோட்டில் வரைந்த புத்தருக்கு ஒரு சாந்தம் வந்தது. கம்ப்யூட்டர் பாண்டவருக்கு அது வரவில்லை. அந்த வருட ஆஸ்கர் அனிமேஷன் பிரிவுக்குப் போட்டியிட்ட படங்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. பரிசு 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்துக்குப் போனது. அடுத்த வருடம் அனிதா உதீப்பின் 'கலிவர்ஸ் டிராவல்ஸ்'. அதோடு வேகம் அடங்கிவிட்டது.

2008-ல் ஹைதராபாத்திலிருந்து 'சோட்டா பீம்' வந்தான். மகாபாரதம் இல்லை, மோஷன் கேப்சர் இல்லை, லட்டு தின்னும் ஒரு பையன். வீட்டுக்கு வீடு ஜெயித்தான். 2014-ல் 'கோச்சடையான்' மறுபடி மோஷன் கேப்சரோடு வந்தது. ரஜினியின் நடை இருந்தது. அந்தக் கண்?

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பன், "சரிடா, அந்தப் பாண்டவாஸ் சிடியைக் கொடு, பார்க்கிறேன்" என்றான். கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை. இந்த மலரில் தன்னைப் பற்றிப் படித்த பிறகாவது தருவானா, பார்ப்போம்.